ஈசாப், எஸ்ஏஆர்: ஒரே லாபம், இரண்டு பேரேடு

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. 2022 ஏப்ரல் 1 அன்று தன் ஊழியர்கள் 100 பேருக்கு, ஆளுக்கு 100 பங்கு வீதம் ஒரு வாக்குக் கொடுக்கிறது: மூன்று வருடம் இங்கேயே வேலையில் இருங்கள், பங்கு விலை இன்றைய 500 ரூபாய்க்கு மேல் எவ்வளவு ஏறுகிறதோ அந்த ஏற்றம் உங்களுக்கு. 2025 மார்ச் 31இல் விலை 900 ரூபாய். கடைசிவரை தங்கியவர்கள் 86 பேர். ஆளுக்கு 40,000 ரூபாய் லாபம், மொத்தம் 34,40,000 ரூபாய்.

இந்த வாக்கை இரண்டு வழியில் காப்பாற்றலாம். 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, 900 ரூபாய் பெறும் பங்கையே எழுதிக் கொடுக்கலாம். இது எல்லோரும் ஈசாப் என்று சொல்லும் பங்கு விருப்புரிமைத் திட்டம். பங்கு எதுவும் கொடுக்காமல், வித்தியாசமான 400 ரூபாயைப் பணமாகவே கொடுத்துவிடலாம். இது ஸ்டாக் அப்ரிசியேஷன் ரைட்ஸ், சுருக்கமாக எஸ்ஏஆர். ஈசாப்பில் பங்கை வாங்கியவர் அன்றே விற்றுவிட்டால், தரகும் வரியும் நீங்கலாக, இரண்டு வழியிலும் அவர் கைக்கு வருவது ஒரே தொகைதான்.

கம்பெனியின் லாப நட்டக் கணக்கு அப்படிச் சொல்வதில்லை. ஈசாப் என்றால் மூன்று வருடத்தில் 12,90,000 ரூபாய் செலவு என்கிறது. எஸ்ஏஆர் என்றால் 34,40,000 ரூபாய் என்கிறது. கணக்கெழுதியவர் பிழை செய்யவில்லை. இண்ட் ஏஎஸ் 102 என்ற ஒரே தரநிலையின்படிதான் இரண்டும் எழுதப்படுகின்றன. அப்படியானால் நடுவில் உள்ள 21,50,000 ரூபாய் எங்கே போனது?

முதலில் ஈசாப். விலை 500 ஆக இருக்கும் நாளில் 500க்கே வாங்கும் உரிமையைக் கொடுத்தால் அதில் என்ன மதிப்பு என்று தோன்றும். இன்றைய விலைக்கே மூன்று வருடத்துக்கு மனை அக்ரிமென்ட் போட்டுத்தா, விலை ஏறினால் வாங்கிக்கொள்கிறேன், இறங்கினால் விட்டுவிடுகிறேன் என்று ஒருவர் கேட்டால் எந்த மனைக்காரர் அட்வான்ஸ் இல்லாமல் கையெழுத்துப் போடுவார்? அந்த அட்வான்ஸ்தான் விருப்புரிமையின் விலை. பங்குக்கு அதைக் கணக்கிட ஃபிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் 1973இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். இன்றைய விலை, வாங்கும் விலை, எத்தனை காலம், வட்டி விகிதம், விலை எவ்வளவு ஆடும் என்ற எதிர்பார்ப்பு ஆகியவற்றைக் கொடுத்தால் ஒரு தொகை வரும். நம் கம்பெனிக்கு அது பங்குக்கு 150 ரூபாய் என்று கொள்வோம். நியாய மதிப்பு என்பது இதுதான்.

ஈசாப் கணக்கின் முழுக் குணமும் இந்த 150இல் அடங்கியிருக்கிறது. வழங்கிய நாளில் ஒருமுறை அளந்தால் அளந்ததுதான். அதன்பின் பங்கு ஆயிரத்துக்குப் போனாலும் ஐம்பதுக்கு இறங்கினாலும் 150 மாறாது. மாறுவது தலைக்கணக்கு மட்டுமே. முதல் வருட முடிவில், 90 பேர் தங்குவார்கள் என்று நிர்வாகம் மதிப்பிடுகிறது. 90 பேர், ஆளுக்கு 100, ஒன்று 150 ரூபாய் என்றால் 13,50,000. மூன்று வருட உழைப்புக்கான கூலியில் ஒரு வருடம் முடிந்திருக்கிறது, ஆகவே மூன்றில் ஒரு பங்கு (க/கு என்றால் கணக்கு, ப என்றால் பற்று, வ என்றால் வரவு):

ஊழியர் நலச் செலவு க/கு (ப) 4,50,000
பங்கு விருப்புரிமை நிலுவை க/கு (வ) 4,50,000

இரண்டாம் வருடம் ஆட்கள் கொஞ்சம் வெளியேறுகிறார்கள்; மதிப்பீடு 84 ஆகக் குறைகிறது. 12,60,000இல் மூன்றில் இரண்டு பங்கு 8,40,000. முன்பே எழுதிய 4,50,000 போக இந்த வருடச் செலவு 3,90,000. மூன்றாம் வருடம் உண்மையில் நின்றவர்கள் 86 பேர். மொத்தம் 12,90,000, முன்பே எழுதிய 8,40,000 போக 4,50,000. பதிவு ஒவ்வொரு வருடமும் அதே வடிவம்தான், தொகை மட்டும் வேறு.

இதில் வரவுப் பக்கத்தைக் கவனிக்க வேண்டும். பங்கு விருப்புரிமை நிலுவை என்பது கடன் அல்ல. இருப்புநிலைக் குறிப்பில் பங்குதாரர் நிதியின் கீழ் உட்காரும் கணக்கு அது. லாபத்தில் 12,90,000 குறைகிறது, அதே தொகை பக்கத்து வரியில் ஏறுகிறது, ஆகவே நிகர மதிப்பில் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. கம்பெனியிலிருந்து எதுவும் வெளியே போகாததால் ரொக்க ஓட்டத்திலும் இந்தச் செலவை மறுபடி கூட்டிவிடுவார்கள். புதுயுகக் கம்பெனிகள் பல, ஈசாப் செலவு நீங்கலாக என்று அடிக்குறிப்புப் போட்டு ‘சரிசெய்த’ லாபத்தைப் பெரிய எழுத்தில் காட்டுவது இதை வைத்துத்தான். ரொக்கம் போகாததெல்லாம் செலவில்லை என்றால் தேய்மானமும் செலவில்லை. அந்தக் கம்பெனிகளின் வாதம் எனக்கு ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை.

86 பேரும் 500 ரூபாய் கட்டிப் பங்கு எடுக்கும் நாளில் கடைசிப் பதிவு வருகிறது. 8,600 பங்குகள், முகமதிப்பு 10 ரூபாய்.

வங்கி க/கு (ப) 43,00,000
பங்கு விருப்புரிமை நிலுவை க/கு (ப) 12,90,000
பங்கு முதல் க/கு (வ) 86,000
பத்திர முனைமம் க/கு (வ) 55,04,000

அன்றைய சந்தை விலையான 900 இந்தப் பதிவில் எங்கும் இல்லை. ஊழியர் பணமாகக் கொடுத்த 43 லட்சமும் உழைப்பாகக் கொடுத்த 12.9 லட்சமும் சேர்ந்துதான் பங்கின் விலை என்று பேரேடு சொல்கிறது.

எஸ்ஏஆர் பக்கம் வந்தால் முதல் நாள் நிலவரம் அச்சாக அதேதான். அதே விலை, அதே காலம், ஆகவே அதே 150. வித்தியாசம் முதல் வருட முடிவில் தொடங்குகிறது. இங்கே ஊழியர் வருங்காலப் பங்குதாரர் அல்ல, கடன் கொடுத்தவர். கடனை இன்றைக்கு எவ்வளவு தேறும் என்று பார்த்துத்தான் எழுத வேண்டும். எனவே ஒவ்வொரு மார்ச் 31க்கும் புதிதாக அளக்கிறார்கள்.

2023 மார்ச்சில் பங்கு 650. உரிமையின் நியாய மதிப்பு 240 என்று வருகிறது. 90 பேருக்கு 21,60,000. மூன்றில் ஒரு பங்கு 7,20,000:

ஊழியர் நலச் செலவு க/கு (ப) 7,20,000
எஸ்ஏஆர் பொறுப்பு க/கு (வ) 7,20,000

2024 மார்ச்சில் பங்கு 480க்கு இறங்குகிறது. இன்னும் ஒரு வருடம் இருப்பதால் உரிமைக்கு மதிப்பு முற்றிலும் போய்விடவில்லை. 75 ரூபாய் தேறுகிறது. 84 பேருக்கு 6,30,000. மூன்றில் இரண்டு பங்கு 4,20,000. ஆனால் ஏடு ஏற்கனவே 7,20,000 காட்டுகிறது. கடன் குறைந்துவிட்டது, ஆகவே பதிவு தலைகீழாகிறது:

எஸ்ஏஆர் பொறுப்பு க/கு (ப) 3,00,000
ஊழியர் நலச் செலவு க/கு (வ) 3,00,000

ஒரு வருடம் முழுக்க ஊழியர்கள் உழைத்திருக்கிறார்கள்; அந்த உழைப்புக்கான செலவுக் கணக்கில் மூன்று லட்சம் வரவு. பங்கு விலை விழுந்ததால் லாபம் கூடுகிறது. கணக்கியல் படிக்கும் பிள்ளைகள் இந்த இடத்தில் ஒருமுறை சிரிப்பார்கள், அல்லது விடைத்தாளில் பற்றையும் வரவையும் மாற்றிப் போட்டுவிட்டு வருவார்கள்.

2025 மார்ச்சில் பங்கு 900. பணம் கொடுக்கும் நாளே அது என்பதால் சூத்திரத்துக்கு வேலையில்லை, வித்தியாசம் 400. 86 பேருக்கு 34,40,000. ஏட்டில் இருப்பது 4,20,000. மீதி 30,20,000 முழுவதும் அந்த ஒரே வருடத்தின் செலவு. பிறகு பொறுப்புக் கணக்கைப் பற்று வைத்து, வங்கிக்கு 34,40,000 வரவு எழுதி முடிக்கலாம். 7,20,000 கூட்டல், 3,00,000 கழித்தல், 30,20,000 கூட்டல்: செலவின் கூட்டுத்தொகை கொடுத்த பணத்துக்குப் பைசா சுத்தமாகப் பொருந்துகிறது. வழியில் எப்படி ஆடினாலும் எஸ்ஏஆர் கணக்கு கடைசியில் உண்மையில் கொடுத்த தொகையில் வந்து நிற்கும். ஈசாப் கணக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இப்போது அந்த 21,50,000. ஈசாப்பில் கொடுத்த 8,600 பங்குகளை அதே நாளில் சந்தையில் விற்றிருந்தால் கம்பெனிக்கு 77,40,000 வந்திருக்கும், வந்தது 43,00,000. ஊழியர்கள் பெற்ற 34,40,000 இந்த இடைவெளியேதான். அதில் 12,90,000 லாப நட்டக் கணக்கு வழியாகப் போனது. மீதியைப் பழைய பங்குதாரர்கள் சத்தமில்லாமல் ஏற்றார்கள்: 900 பெறும் கம்பெனியில் 500க்கு வந்த கூட்டாளிகளுடன் பங்கு பிரித்துக்கொண்டார்கள். தரநிலையின் வாதம், வழங்கிய நாளிலேயே ஊழியர் ஒருவகை உரிமையாளராகிவிட்டார், அதன்பின் விலை ஏறுவதும் இறங்குவதும் உரிமையாளர்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல், அது கம்பெனியின் செலவல்ல என்பது. தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் சிறு முதலீட்டாளர் இந்தச் சுமையை லாப நட்டக் கணக்கில் தேடினால் கிடைக்காது. நீர்த்த பங்கொன்றுக்கான வருவாய் என்ற வரியில்தான் அதன் நிழல் தெரியும். பணமாகத் தீர்க்கும் எஸ்ஏஆரில் புதுப் பங்கே வராததால் நீர்த்தலும் இல்லை.

விலை விழுந்தால் என்ன ஆகும் என்பதில்தான் இரண்டும் இன்னும் தூரம் விலகுகின்றன. பங்கு 300க்குப் போய் அங்கேயே கிடக்கிறது, கெடு முடிகிறது, யாரும் 500 கட்டிப் பங்கு எடுக்கவில்லை என்று கொள்வோம். எஸ்ஏஆர் பொறுப்பு பூஜ்யமாகிவிடும். எழுதிய செலவெல்லாம் திரும்பி வரும். ஈசாப்பில் 12,90,000 செலவு செலவாகவே நிற்கும். நிலுவைக் கணக்கிலிருந்து பொதுக் காப்புக்கு மாற்றலாமே தவிர லாப நட்டக் கணக்கு வழியாகத் திரும்ப எடுக்க முடியாது. ஊழியருக்கு ஒரு பைசாவும் போகவில்லை, ஆனாலும் செலவு. மூன்று வருடம் முடியும் முன்பே ஒருவர் ராஜினாமா செய்தால் மட்டும் அவர் பேரில் எழுதியது திரும்பும். அதனால்தான் 90, 84, 86 என்று தலை எண்ணிக்கொண்டிருந்தோம். வேலையில் இல்லாதவரிடம் உழைப்பு பெறவில்லை, உழைத்தவரிடம் பெற்றது பெற்றதுதான் என்பது விதியின் கணக்கு.

இந்த வேறுபாடு பள்ளிக்கணக்கு விவகாரம் மட்டும் அல்ல என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே 1972இல் வந்த ஏபிபி 25 என்ற விதி, வழங்கும் நாளில் சந்தை விலைக்கும் வாங்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் செலவாக எழுதச் சொன்னது. சந்தை விலைக்கே கொடுத்துவிட்டால் செலவு பூஜ்யம். நம் கோவைக் கம்பெனியின் ஈசாப் அந்த விதியில் ஒரு வரிகூட எழுதாமல் போயிருக்கும். 1978இல் எஸ்ஏஆருக்கு விளக்கம் வந்தபோது, அதை மட்டும் ஒவ்வொரு காலாண்டும் விலைக்கேற்ப அளந்து எழுத வேண்டும் என்றார்கள். ஊழியருக்கு ஒரே பலன். ஒன்றுக்குச் செலவே இல்லை, மற்றொன்றுக்கு முழுச் செலவும் உண்டு. கம்பெனிகள் எதைத் தேர்ந்தெடுத்தன என்று சொல்லவே வேண்டாம். விருப்புரிமை சிலிக்கான் பள்ளத்தாக்கின் அடையாளமானதற்கு இந்தப் பூஜ்யமும் ஒரு காரணம்.

அந்தப் பூஜ்யத்தை எடுக்க 1990களில் கணக்கியல் தர வாரியம் முயன்றபோது தொழில்நுட்பக் கம்பெனிகள் கொதித்தன. 1994 மே மாதம் அமெரிக்க செனட் 88க்கு 9 என்ற வாக்கில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. வாரியம் பின்வாங்கி, 1995இல் நியாய மதிப்பை அடிக்குறிப்பில் காட்டினால் போதும் என்று விட்டுக்கொடுத்தது. கணக்கு மோசடியில் என்ரானும் வேர்ல்ட்காமும் கவிழ்ந்தபின்தான் காற்று திசை மாறியது. 2004 பிப்ரவரியில் உலகத் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 2, அதே வருடம் டிசம்பரில் அமெரிக்கத் திருத்தம். இரண்டும் செலவை லாப நட்டக் கணக்குக்குள் கொண்டுவந்தன. பூஜ்யத்தின் பழைய மோகம் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது 2006இல் வெளிப்பட்டது: விலை குறைவாக இருந்த பழைய தேதியைத் தேடிப் பிடித்து, அன்றே வழங்கியதுபோல எழுதிய கம்பெனிகள் வரிசையாக மாட்டிக்கொண்டன.

இந்தியாவில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 1999இல் ஈசாப் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2005இல் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் வழிகாட்டுக் குறிப்பு வந்தது. அதுவும் பழைய வித்தியாச முறைக்கு இடம் கொடுத்தது. 2016 ஏப்ரலிலிருந்து இண்ட் ஏஎஸ் கட்டம் கட்டமாக வந்தபோதுதான் பெரிய கம்பெனிகளுக்கு நியாய மதிப்பு கட்டாயமானது.

வரித்துறை இந்தக் கதையில் தனிப் பாத்திரம். பங்கைத் தள்ளுபடியில் கொடுப்பது கம்பெனியின் செலவா, வருமானத்தில் கழிக்கலாமா என்ற சண்டை பல ஆண்டு நடந்தது. பணமே வெளியே போகவில்லையே என்பது துறையின் கேள்வி. செபி வழிகாட்டுதல்படி எழுதிய செலவைக் கழிக்கலாம் என்று 2012இல் சென்னை உயர் நீதிமன்றம் பிவிபி வென்ச்சர்ஸ் வழக்கில் சொன்னது. பயோகான் வழக்கில் 2013இல் பெங்களூரு வரித் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வும், 2020இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதே பக்கம் நின்றன. சிறப்பு அமர்வு இன்னொன்றும் சேர்த்தது: ஊழியர் பங்கை எடுக்கும் நாளின் உண்மை விலையை வைத்துக் கடைசியில் சரிக்கட்ட வேண்டும். கணக்கியல் தரநிலை போக மறுத்த இடத்துக்கு வரித் தீர்ப்பாயம் போயிருக்கிறது. அந்தச் சரிக்கட்டல் எஸ்ஏஆர் கணக்கின் தர்க்கம்தான். எஸ்ஏஆருக்கு இந்தச் சண்டையே தேவைப்படவில்லை. சம்பளம்போலப் பணம் போகிறது, செலவு.

ஊழியருக்கு வரி இரண்டிலும் சம்பளக் கணக்கில்தான். ஆனால் நாள் ஒன்றானாலும் நிலை வேறு. செஸ் நீங்கலாகப் பார்த்தால், 30 சதவீத வரம்பில் இருப்பவர் எஸ்ஏஆரில் 40,000 ரூபாய்க்கு 12,000 பிடித்தம் போக 28,000 கையில் வாங்குவார். ஈசாப்பில் அவர் முதலில் 50,000 கட்டிப் பங்கு எடுக்க வேண்டும். விற்காத லாபத்துக்கு 12,000 வரியும் பிடிக்கப்படும். ஆக 62,000 புரட்டினால்தான் பங்கு கைக்கு வரும். பட்டியலிட்ட பங்கு என்றால் அன்றே விற்றுச் சமாளிக்கலாம். பட்டியலிடாத கம்பெனி என்றால் வாங்க ஆள் வேண்டும். 2020 நிதிச் சட்டம் வரியைத் தள்ளிப்போட வழி செய்தது, அதுவும் தகுதிச் சான்று பெற்ற ஸ்டார்ட்அப்புகளுக்கு மட்டும்.

இந்தப் பட்டியலிடாத கம்பெனிகளில்தான் பெயரும் கணக்கும் அடிக்கடி பிரிகின்றன. ஈசாப் என்று கடிதம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் பணம் கொடுத்து உரிமையைத் திரும்ப வாங்குவதே வழக்கமாகிவிட்டால், தணிக்கையாளர் அதைப் பொறுப்பாக எழுதச் சொல்வார். தரநிலை பார்ப்பது எதில் தீர்க்கிறார்கள் என்பதைத்தான். அதேபோல எஸ்ஏஆர் லாபத்தைப் பங்காகக் கொடுத்துத் தீர்த்தால் அது ஈசாப்போல ஒருமுறை அளந்து பூட்டப்படும்.

எதை நான் நம்புவேன் என்று கேட்டால், ஏட்டைப் படிப்பவன் என்ற முறையில் எஸ்ஏஆரை. அது வருடா வருடம் ஆடும், 2025 போன்ற வருடத்தில் லாபத்தையே விழுங்கும், ஆனால் முழுத் தொகையையும் சொல்லிவிடும். ரொக்கம் இல்லாத இளம் கம்பெனிக்கு அது கட்டுபடியாகாது என்பதும் உண்மை. நல்ல விலை வரும் வருடத்தில்தான் பெரிய பணம் கேட்கும், அந்தப் பணம் விரிவாக்கத்துக்கும் வேண்டியிருக்கும். சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் இறங்கியபோது ஊழியர்கள் 500க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர் ஆனதாக அதன் நிறுவனர் சொன்னார். பங்காகக் கொடுத்ததால்தான் அது முடிந்தது. அந்தத் தொகையைப் பணமாகக் கொடுக்க எந்த வளரும் கம்பெனியாலும் முடியாது. வெளியீட்டு விலையான 36 டாலர் அடுத்த ஆண்டே பாதிக்கும் கீழே போனதும் அதே பங்கின் கதைதான்.

நாலு சகோதரர்கள் நடத்தும், சந்தைக்கு வரும் எண்ணமே இல்லாத கம்பெனி ஈசாப் கொடுத்தால் அது காகிதம். எஸ்ஏஆர்தான் அங்கே நேர்மையான வாக்கு. ஆனால் கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 2(37)இல் ஈசாப்பைப் பெயர் சொல்லி வரையறுப்பதுபோல எஸ்ஏஆரை வரையறுக்கவில்லை. செபியின் விதிகள் பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு மட்டுமே. எனவே இத்தகைய இடத்தில் எஸ்ஏஆர் பெறுபவருக்குப் பாதுகாப்பு கையிலுள்ள ஒப்பந்தக் கடிதம் ஒன்றுதான். கையெழுத்துப் போடும் முன் அதில் விலையை யார், எப்போது, எந்த முறையில் நிர்ணயிப்பார் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்குங்கள்.